ரத்தம் கம்மின்னு சொல்லிட்டாங்க: இலவச செகப்பு மாத்திரையா, காசு குடுத்து வாங்குறதா, டானிக்கா, டிரிப்ஸா?

திண்டுக்கல் பக்கம் ஒரு மெடிக்கல் ஷாப்புல கவுண்டர்ல நிக்கிறவ நான், ஏழு வருஷமாச்சு. ஒரு நாளைக்கு நாலு பேராவது சீட்டே இல்லாம வந்து "ரத்தம் ஊறுறதுக்கு நல்லதா ஏதாச்சும் குடும்மா"ன்னு கேப்பாங்க. அவங்களுக்கு ஏற்கனவே நாலு பேரு நாலு யோசனை சொல்லியிருப்பாங்க. நர்ஸம்மா ஒரு அட்டை குடுத்திருப்பாங்க, பிரைவேட் டாக்டர் வேற ஒண்ணு எழுதியிருப்பாரு, மாமியார் பேரிச்சம்பழத்துல வந்து நிப்பாங்க, பக்கத்து வீட்டுல "எனக்கு டிரிப்ஸ் போட்டுத்தான் சரியாச்சு"ன்னு சொல்லியிருப்பாங்க, இதுல எதைத்தான் எடுக்குறது?

பஸ் ஸ்டாண்டு ஓரத்துல பூ விக்கிற அக்கா ஒருத்தங்க இருக்காங்க, விடியிறதுக்கு முன்னாடியே நிலக்கோட்டை மார்க்கெட்டுக்குப் போயி பூ எடுத்துட்டு வர்றவங்க. கடைக்கு வந்தா "அஞ்சு மட்டும் வெட்டிக் குடு பாப்பா"ம்பாங்க. பத்து மாத்திரை அட்டையை கத்திரிக்கோலால பாதியா வெட்டிக் குடுப்பேன். அது தீந்து அடுத்த அஞ்சுக்கு வர்றதுக்கு ரெண்டு மூணு வாரம் ஆயிடும். போன மாசம் காசு எடுக்க சுருக்குப் பையைத் திறந்தப்போ உள்ள இன்னொரு அட்டை தெரிஞ்சுச்சு, பிஎச்சில, அதாவது ஆரம்ப சுகாதார நிலையத்துல குடுத்த செகப்பு மாத்திரை, ஒண்ணு கூட உரிக்கல. ஏங்க்கா இதைப் போடலயான்னு கேட்டா "அது சும்மா குடுக்குறதுதானே, அதுல என்ன சத்து இருக்கப் போகுது"ன்னாங்க. காசு வாங்கிட்டு மாத்திரை வெட்டிக் குடுக்குற இடத்துல நின்னுக்கிட்டு அதைக் கேட்டது எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. அதான் எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

## மாத்திரைக்கு முன்னாடி: இது இரும்புப் பிரச்சனைதானா?

எச்பி, அதாவது ரத்தத்துல இருக்குற ஹீமோகுளோபின் அளவு, 12-க்குக் கீழ போனா பொம்பளைங்களுக்கு ரத்த சோகை, கர்ப்பமா இருந்தா 11, ஆம்பளைங்களுக்கு 13. 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல சர்வேல தமிழ்நாட்டுல 15-லருந்து 49 வயசு வரைக்கும் உள்ள பெண்கள்ல 53.4 சதவீதம் பேருக்கு ரத்த சோகை இருக்குன்னு வந்துச்சு, அதாவது பாதிக்கும் மேல. அதுக்கு முந்தின சர்வேல 55, ஸோ பெருசா ஒண்ணும் குறையல.

ஆனா எச்பி குறைஞ்சாலே இரும்புதான் குறைஞ்சிருக்குன்னு ஆயிடாது. பி12 குறைஞ்சாலும் குறையும், கிட்னி பிரச்சனையிலயும் குறையும், தலசீமியா மைனர்னு பரம்பரையா வர்ற ஒண்ணு இருக்கு அதுலயும் லேசா குறையும். ரத்த டெஸ்ட் பேப்பர்ல எம்சிவின்னு ஒரு வரி இருக்கும், சிவப்பணுவோட சைஸ் அது, 80-க்குக் கீழ இருந்தா இரும்புக் குறைவோ தலசீமியாவோ இருக்கலாம், 100-க்கு மேல போனா பி12 இல்லன்னா ஃபோலிக் ஆசிட் பக்கம் பாக்கணும். எம்சிவி நல்லா குறைஞ்சிருக்கு ஆனா சிவப்பணு எண்ணிக்கை மட்டும் தாராளமா இருக்குன்னா தலசீமியா மைனரான்னு டெஸ்ட் பண்ணச் சொல்லுவாங்க. தலசீமியா மைனர் இருக்குறவங்க வருஷக்கணக்குல அயர்ன் மாத்திரை முழுங்கினாலும் எச்பி நகராது, இரும்புதான் தேவையில்லாம உடம்புல சேரும்.

உறுதியாச் சொல்ற டெஸ்ட் ஃபெரிட்டின். உடம்போட இரும்பு சேமிப்பு டப்பான்னு வச்சுக்கங்க. 15-க்குக் கீழன்னா டப்பா காலி, சந்தேகமே இல்ல, 30-க்குக் கீழ இருந்தாலே நிறைய டாக்டருங்க குறைவுன்னுதான் எடுத்துக்குறாங்க. காய்ச்சல், உள்ள எங்கயாச்சும் வீக்கம்னு இருக்கும்போது எடுத்தா பொய்யா கூடக் காட்டும். எச்பி நார்மலா இருக்கும்போதே ஃபெரிட்டின் காலியா இருக்கலாம், முடி கொட்டுறது, படி ஏறினா மூச்சு வாங்குறது, ராத்திரி கால் குடைச்சல் எல்லாம் அப்பவே ஆரம்பிச்சிடும்.

இன்னொரு அறிகுறி இருக்கு, யாரும் வெளிய சொல்ல மாட்டாங்க. பச்சரிசி மெல்லுறது, சிலேட்டுக்குச்சி, சாம்பல், செங்கல் தூள், ஃப்ரிட்ஜ்ல ஐஸ் கட்டியா எடுத்து கடிக்கிறது. எங்க கடையில வேலை பாத்த பொண்ணு சுடிதார் பாக்கெட்டுல எப்பவும் அரிசி வச்சிருப்பா, நாங்க கிண்டல் பண்ணுவோம், கடைசில பாத்தா எச்பி 7.6. மருந்து போட ஆரம்பிச்சு கொஞ்ச நாள்லயே அரிசி மேல ஆசை போயிடுச்சுன்னா. வீட்டுல யாராச்சும் இப்படிப் பண்ணினா திட்டாதீங்க, டெஸ்ட் எடுங்க.

## எதை வச்சு ஒப்பிடுறது

நான் பாக்குறது அஞ்சு விஷயம். உள்ள நிஜமா எவ்ளோ இரும்பு இருக்கு, அதுல எவ்ளோ ரத்தத்துல சேரும், வயிறு தாங்குமா, எவ்ளோ அவசரம், மொத்தமா முடிக்கிற வரைக்கும் என்ன செலவு. இதுல வயிறு தாங்குமாங்கிறதுதான் என் கணக்குல முக்கியம், ஏன்னு இந்தக் கணக்கைப் பாத்தா புரியும்.

உடம்புக்கு மொத்தம் எவ்ளோ இரும்பு பாக்கின்னு கணக்குப் போட டாக்டருங்க ஒரு வாய்ப்பாடு வச்சிருக்காங்க: எடையை, 15-லருந்து எச்பியைக் கழிச்சு வர்றதால பெருக்கி, அதை 2.4 ஆல பெருக்கி, சேமிப்புக்குன்னு 500 சேக்கணும். பூக்கார அக்கா 50 கிலோ, எச்பி 8. 50 × 7 × 2.4 = 840, கூட 500, ஆக 1,340 மில்லிகிராம். இப்போ 60 மில்லிகிராம் மாத்திரை ஒண்ணு போட்டா அதுல தோராயமா 6-லருந்து 12 மில்லிகிராம்தான் ரத்தத்துல சேரும். 10ன்னே வச்சுக்கிட்டாலும் 134 மாத்திரை! இதுக்கு நடுவுல ஒரு மில்லி ரத்தம் போனா அரை மில்லிகிராம் இரும்பு போற கணக்கு, அதனால மாசா மாசம் பீரியட்ஸ்ல சாதாரணமா 15, 20 மில்லிகிராம் போயிடும், அதிகமா போறவங்களுக்கு 40-க்கும் மேல.

அதனால அஞ்சு மாத்திரை வெட்டி வாங்கிட்டுப் போறது எந்த பிராண்டா இருந்தாலும் ஒண்ணும் பண்ணாது.

## சாப்பாடு மட்டும்

முருங்கைக்கீரை 100 கிராம்ல நாலரை மில்லிகிராம் பக்கம் இருக்கு, நல்ல அளவுதான், ஆனா கீரை தானியத்துல இருக்குற இரும்பு ரொம்ப கொஞ்சமாத்தான் ஏறும். அஞ்சு சதவீதம் ஏறுதுன்னு வச்சா ஒரு பெரிய கிண்ணம் கீரைக்கு கால் மில்லிகிராம் கூட வராது. பீட்ரூட் 100 கிராமுக்கு ஒரு மில்லிகிராமே வராது, மாதுளை அதுலயும் பாதி கூட இல்ல, செகப்பா இருக்குறதால ரத்தம் ஊறும்னு நாமளே முடிவு பண்ணிக்கிட்டோம். எள்ளு, கேழ்வரகு, பயறு இதெல்லாம் பீட்ரூட்டை விட எவ்ளோவோ மேல.

கறி சாப்பிடுறவங்களுக்குக் கதை வேற. மாமிசத்துல இருக்குற ஹீம் இரும்பு 15-லருந்து 35 சதவீதம் வரைக்கும் ஏறும். நம்ம ஊர்ல ரத்தம் இல்லன்னா ஆட்டு சுவரொட்டி வாங்கி சுட்டுக் குடுப்பாங்கல்ல, அதாவது மண்ணீரல், அது சும்மா பாட்டி நம்பிக்கை இல்ல, 100 கிராம்ல 40 மில்லிகிராம் பக்கம் இரும்பு இருக்கு. எல்லாமே ஏறிடாது, இருந்தாலும் பீட்ரூட் ஜூஸ் குடிக்கிற காசுக்கு இது எங்கயோ இருக்கு. ஈரலும் நல்லதுதான், ஆனா அதுல வைட்டமின் ஏ ரொம்ப ஜாஸ்தி, அதனால கர்ப்பிணிங்க கேட்டுட்டு சாப்பிடுங்க.

மறைவா இங்க நஷ்டம் பண்றது டீ. சாப்பாட்டோடயோ சாப்பிட்ட உடனேயோ குடிச்சா கீரைல இருந்து ஏற வேண்டிய இரும்புல பாதிக்கும் மேல தடுத்துடும், காப்பி அதை விடக் கொஞ்சம் கம்மி. ஒரு மணி நேரம் தள்ளிக் குடிச்சாலே போதும். எலுமிச்சை, நெல்லிக்காய், தக்காளி கூட சேந்தா ஏறுறது கூடும்.

ரேஷன் அரிசில கலந்து குடுத்துட்டு வந்த செறிவூட்டின அரிசியைப் பத்தியும் சொல்லிடுறேன். நூறு அரிசிக்கு ஒண்ணுங்கிற கணக்குல கலந்தாங்க, கிலோவுக்கு 28-லருந்து 42.5 மில்லிகிராம் இரும்பு, கூட ஃபோலிக் ஆசிட், பி12. அது அரிசி மாவுலயே சத்தைச் சேத்து திரும்ப அரிசி மாதிரி பண்றது. தண்ணில மிதக்குது, பிளாஸ்டிக் அரிசின்னு எங்க தெருவுல பாதிப் பேரு பொறுக்கி எறிஞ்சிட்டுதான் சமைச்சாங்க.

எப்போ சாப்பாடு மட்டும் போதும்: எச்பி நார்மல், இல்ல மாத்திரை போட்டு ஏத்தியாச்சு, இனி இறங்காமப் பாத்துக்கணும். ஏற்கனவே 8, 9ல இருக்குறவங்களுக்கு இது மட்டும் பத்தாது. சாப்பாட்டுல ஒரு நாளைக்கு ரெண்டு மில்லிகிராம் ஏறினாலே பெரிய விஷயம், அது அன்னன்னைக்குப் போறதுக்கும் மாசா மாசம் போறதுக்குமே சரியாப் போயிடும்.

## அரசாங்கம் குடுக்குற செகப்பு மாத்திரை

60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட். 60ங்கிறது சுத்தமான இரும்போட கணக்கு, அது சேந்திருக்குற ரசாயன உப்போட எடை இல்ல. உள்ள இருக்குறது ஃபெரஸ் சல்பேட், உலகம் முழுக்க ரத்த சோகைக்கு முதல்ல குடுக்குற மருந்து அதுதான். பள்ளிக்கூடத்துல பெரிய பிள்ளைங்களுக்கு நீலக் கலர்ல குடுக்குறதுலயும் இதே அளவுதான், சின்னப் பிள்ளைங்களோட ரோஸ் மாத்திரைல 45 மில்லிகிராம். கர்ப்பிணிங்களுக்கு நாலாவது மாசத்துலருந்து தினம் ஒண்ணுன்னு 180 நாள், பிரசவத்துக்கு அப்புறமும் 180 நாள். ரத்த சோகை வந்துட்டா தினம் ரெண்டு.

காசு கிடையாது, விஎச்என், அதாவது கிராம சுகாதார நர்ஸம்மாகிட்டயே கிடைக்கும். தொந்தரவு என்னன்னா வயிறு. குமட்டல், நெஞ்செரிச்சல், மலச்சிக்கல், வாயில இரும்பு ருசி. மலம் கருப்பாப் போகும், அது பயப்பட வேண்டிய விஷயமே இல்ல. (தார் மாதிரி பிசுபிசுன்னு, நாத்தத்தோட போனா அது வேற, உடனே காட்டணும்.) இந்தக் கருப்பைப் பாத்துட்டே பாதிப் பேரு நிறுத்திடுறாங்க, யாரும் முன்னாடியே சொல்றதில்ல.

இதுக்கு ஒரு வழி இருக்கு. 2017ல சூரிச்ல 40 பெண்களை வச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணினாங்க, ரத்த சோகை வராத, ஆனா இரும்பு குறைஞ்சவங்க. எல்லாருக்கும் 60 மில்லிகிராம் மாத்திரை 14. பாதிப் பேரு தினமும், மீதிப் பேரு ஒரு நாள் விட்டு ஒரு நாள். தினமும் போட்டவங்களுக்கு ரத்தத்துல சேந்தது 131 மில்லிகிராம், விட்டு விட்டுப் போட்டவங்களுக்கு 175. காரணம் ஹெப்சிடின்னு ஒரு ஹார்மோன், மாத்திரை போட்டதும் கல்லீரல் அதைச் சுரந்து "போதும்"னு கதவைச் சாத்திடும், அடுத்த நாள் வரைக்கும் முழுசாத் திறக்காது. அதனால லேசான குறைவுக்கு, வயிறு தாங்காதவங்களுக்கு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுறது நல்ல வழி. கணக்குப்படி நாள் கூட ஆகும், ஆனா நிறுத்தாம போட முடியும்ல. கர்ப்பிணிங்க, எச்பி ரொம்ப இறங்கினவங்க இதை நீங்களா செய்யாதீங்க, டாக்டர் சொன்னபடி போடுங்க.

காலைல வெறும் வயித்துல நல்லா ஏறும், ஆனா குமட்டும். முடியாதவங்க ராத்திரி சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு போட்டுட்டுப் படுத்துடுங்க. கர்ப்பிணிங்களுக்கு கால்சியம் மாத்திரையும் சேத்துக் குடுப்பாங்க, ரெண்டையும் ஒண்ணா முழுங்கக் கூடாது, ரெண்டு மணி நேரமாச்சும் இடைவெளி வேணும். தைராய்டு மாத்திரைக்கு நாலு மணி நேரம்.

## காசு குடுத்து வாங்குற மாத்திரை

எங்க பொழப்பு இதுலதான், இருந்தாலும் சொல்றேன். அதிகமா ஓடுறது ஃபெரஸ் அஸ்கார்பேட், பெரும்பாலும் 100 மில்லிகிராம் இரும்பு, ஃபோலிக் ஆசிட் ஒன்றரை மில்லிகிராம். பத்து மாத்திரை அட்டை 100லருந்து 250 ரூபா வரைக்கும் கம்பெனியைப் பொறுத்து. இன்னொண்ணு பிஸ்கிளைசினேட், இரும்பு அளவு கம்மியா இருக்கும், வயித்துக்குச் சாந்தம், நிறைய பேருக்கு இது ஒத்துக்குது.

100 இருக்குறதால 60-ஐ விட ரெண்டு மடங்கு வேகமா ஏறிடாது, அதே ஹெப்சிடின் இங்கயும் கதவைச் சாத்தும். வைட்டமின் சி சேந்திருக்குன்னு விக்கிறாங்க, 2020ல சீனாவுல 440 பேரை வச்சு மாத்திரையோட வைட்டமின் சி சேத்தும் சேக்காமலும் குடுத்துப் பாத்தாங்க, ரெண்டு வாரத்துல எச்பி ஏறினது கிட்டத்தட்ட ஒண்ணுதான். கீரைக்கு எலுமிச்சை பிழியுறதுல அர்த்தம் இருக்கு, மாத்திரைக்கு அதுக்குன்னு கூடக் காசு குடுக்கத் தேவையில்ல.

2017ல அமெரிக்காவுல 80 குட்டிப் பிள்ளைங்களுக்கு, பழைய ஃபெரஸ் சல்பேட் சொட்டு மருந்தையும் புதுசா வந்த பாலிசாக்கரைடு மருந்தையும் 12 வாரம் குடுத்து ஒப்பிட்டாங்க, ஜெயிச்சது பழைய சல்பேட். விலை கூடுனா சத்து கூடும்ங்கிறது துணிக்கடை கணக்கு.

மறைஞ்ச செலவு நிறைய. நாலு மாசத்துக்கு 12 அட்டை, 1,200லருந்து 3,000 ரூபா வரைக்கும் போயிடும். அப்புறம் நான் தினமும் பாக்குற கூத்து ஒண்ணு: அயர்ன் மாத்திரை வயித்தை எரிக்குதுன்னு கூடவே ஒரு கேஸ் மாத்திரை வாங்குவாங்க, பான்டாப்பிரசோல், ஒமிப்பிரசோல் மாதிரி. அது வயித்து ஆசிட்டைக் குறைக்கும், ஆசிட் குறைஞ்சா இரும்பு ஏறுறதும் குறையும். ஒரு கையால ஊத்தி இன்னொரு கையால வடிச்சுட்டிருப்பாங்க, ரெண்டுக்கும் பில்லு போடுறது நான்.

எப்போ இது சரி: செகப்பு மாத்திரையை நேரம் மாத்தி, நாள் விட்டு எல்லாம் போட்டுப் பாத்தும் ஒத்துக்கல, மாசா மாசம் காசு போடவும் முடியும். அப்போ தாராளமா வாங்குங்க, ஆனா முழு அட்டையா, மூணு மாசத்துக்கு மேல.

## டானிக்

சின்னப் பிள்ளைங்களுக்கு, மாத்திரை முழுங்கவே வராதவங்களுக்கு டானிக் வேணும், அதுல மாத்துக் கருத்து இல்ல. பெரியவங்க வாங்குறதுதான் பெரும்பாலும் வேஸ்ட். நிறைய டானிக்ல இருக்குறது ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட். லேபிள்ல 160 மில்லிகிராம்னு பெருசாப் போட்டிருக்கும், அதுல சுத்தமான இரும்பு 33 மில்லிகிராம் கூட இருக்காது, ஃபெரிக் வகைங்கிறதால ஏறுறதும் கம்மி. சர்க்கரைப் பாகு வேற, சுகர் இருக்குறவங்க கவனிங்க. குடிச்சா நாலு நாள்ல தெம்பு வந்த மாதிரி தோணும், பசி எடுக்கும், அதனாலயே டானிக் மேல ஒரு பாசம்.

பிள்ளைங்களுக்குக் குடுக்கும்போது பல்லு கருப்பாகும், ஃபில்லரால நாக்குப் பின்னாடி விட்டு உடனே தண்ணி குடுத்துடுங்க. மகப்பேறு நிதியுதவித் திட்டத்துல குடுக்குற ஊட்டச்சத்துப் பெட்டகத்துலயும் இரும்புச் சத்து டானிக் வருது, பேரிச்சம்பழம், நெய் கூட. அதைக் குடிங்க, ஆனா மாத்திரைக்குப் பதிலா டானிக்குன்னு நீங்களா மாத்திக்காதீங்க.

மாத்திரையோ டானிக்கோ, பிள்ளைங்க கைக்கு எட்டாத இடத்துல வைங்க. செகப்பா சர்க்கரை பூசினது மிட்டாய் மாதிரியே இருக்கும். பத்து கிலோ பிள்ளை இந்த மாத்திரைல நாலு முழுங்கினாலே விஷ அளவை எட்டிடும், பத்து முழுங்கினா உயிருக்கே ஆபத்து. வாந்தி வரட்டும்னு காத்திருக்காம உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

## டிரிப்ஸ்ல ஏத்துறது

ரத்தம் ஏத்துறதும் இதுவும் ஒண்ணு இல்ல, இது இரும்பு மருந்தை நரம்புல ஏத்துறது. ரெண்டு வகை அதிகம். அயர்ன் சுக்ரோஸ், ஒரு தடவைக்கு 200 மில்லிகிராம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் அஞ்சு ஆறு தடவை போகணும். இன்னொண்ணு எஃப்சிஎம், ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ், ஒரே உக்காருல 1,000 மில்லிகிராம், கால் மணி நேரத்துல முடிஞ்சிடும். மேல போட்ட 1,340 கணக்கை ரெண்டு தடவைல முடிச்சிடலாம்.

கர்ப்பிணிங்களுக்கு அரசு ஆஸ்பத்திரிகள்லயே இலவசமா ஏத்துறாங்க. பிரைவேட்ல மருந்து, ரூம், நர்ஸ் சார்ஜ் எல்லாம் சேந்து ஆயிரக்கணக்குல வந்துடும், அயர்ன் சுக்ரோஸ்னா அஞ்சு நாள் கூலி போறதையும் சேத்துக்கங்க. ஊசி நழுவி மருந்து தோலுக்கடில கசிஞ்சா காப்பிக் கறை மாதிரி ஒரு அடையாளம் விழும், மாசக்கணக்குல போகாது, எரிஞ்சா, வீங்கினா உடனே சொல்லிடணும். எஃப்சிஎம் போட்ட சிலருக்கு பாஸ்பேட் இறங்கி அசதி, எலும்பு வலி வரும், எச்பி ஏறியும் ஏன் இப்படி அசத்துதுன்னு தெரியாம அலைவாங்க. அலர்ஜி ரொம்ப அபூர்வம், ஆனா வந்தா வேகமா வரும், அதனால வீட்டுக்கு ஆள் வந்து போடுறதெல்லாம் வேண்டவே வேண்டாம். கர்ப்பத்தோட முதல் மூணு மாசத்துல போட மாட்டாங்க, காய்ச்சல், இன்ஃபெக்‌ஷன் இருந்தாலும் தள்ளிப் போடுவாங்க.

எப்போ இதுதான் சரி: கர்ப்பம் ஏழெட்டு மாசம் ஆயிடுச்சு, எச்பி ரொம்பக் கீழ, மாத்திரைக்கு டைம் இல்ல. இரும்பு இல்லாம பிரசவத்துக்குப் போனா, மத்தவங்க தாங்குற அளவு ரத்தப்போக்கையும் உடம்பு தாங்காது, குழந்தை குறை மாசத்துலயோ எடை கம்மியாவோ பொறக்குற வாய்ப்பும் கூடும், அங்க சிக்கனம் பாக்கக் கூடாது. அப்புறம் குடல் வியாதி இருக்குறவங்க, கிட்னி நோயாளிங்க, எடை குறைக்க வயித்துல ஆபரேஷன் பண்ணினவங்க, மாத்திரை எதுவுமே ஒத்துக்காதவங்க, மாத்திரை ஏத்துறதை விட வேகமா ரத்தம் போறவங்க. வெறுமனே "சீக்கிரம் ஏறணும்"னா, எச்பி 10ல இருக்குறவங்களுக்கு இது தேவையில்ல.

## சித்த மருந்து கேக்குறவங்களுக்கு

அன்னபேதிச் செந்தூரம் நல்லதான்னு கேப்பாங்க. அன்னபேதின்னா வேற எதுவும் இல்ல, அதே ஃபெரஸ் சல்பேட்தான். அதை எலுமிச்சைச் சாறு விட்டு அரைச்சு புடம் போட்டு செந்தூரமாக்குறாங்க. இலவச மாத்திரைல சத்து இல்லன்னு ஒதுக்கிட்டு, காசு குடுத்து அதோட மூலப்பொருள்ல செஞ்சதையே தேடுறது எனக்கு எப்பவும் சிரிப்பு. எடுக்கணும்னா அரசு சித்தா பிரிவுல டாக்டர்கிட்ட வாங்குங்க, சந்தையில பொட்டலம் வேண்டாம், ரெண்டு மருந்தையும் சேத்தும் போடாதீங்க.

## ஒரு பார்வைக்கு

| எது | இரும்பு | வயிறு | வேகம் | கைக்காசு | மறைஞ்ச செலவு |
|---|---|---|---|---|---|
| சாப்பாடு | நாளுக்கு 1, 2 மில்லிகிராம் ஏறும் | பிரச்சனை இல்ல | ரொம்ப மெதுவு | வீட்டுச் செலவுதான் | இதை நம்பி மாசங்கள் ஓடிடும் |
| செகப்பு மாத்திரை | 60 | தொந்தரவு உண்டு | 3 முதல் 6 மாசம் | இல்ல | பாதில நிறுத்துறது |
| கடை மாத்திரை | 30 முதல் 100 | ஆளுக்கு ஆள் மாறும் | கிட்டத்தட்ட அதே | மாசம் 300 முதல் 750 | கேஸ் மாத்திரை, அஞ்சு அஞ்சா வாங்குறது |
| டானிக் | 33-க்கும் கீழ, பெரும்பாலும் | பரவாயில்ல | மெதுவு | பாட்டில் கணக்கு | சர்க்கரை, பல்லுக் கறை |
| டிரிப்ஸ் | 200 அல்லது 1,000 | வயித்துக்குச் சம்பந்தமில்ல | சில வாரம் | அரசுல கர்ப்பிணிக்கு இல்ல, பிரைவேட்ல ஆயிரங்கள் | கூலி, கறை, பாஸ்பேட் |

எதை எடுத்தாலும் நாலு வாரத்துல ஒரு தடவை எச்பி பாருங்க. ஒண்ணு, ரெண்டு ஏறியிருந்தா வழி சரி. நார்மலுக்கு வந்த அப்புறமும் மூணு மாசம் போட்டாத்தான் ஃபெரிட்டின் டப்பா நிறையும், இல்லன்னா ஆறு மாசத்துல திரும்ப எங்க கடை வாசல்லதான் நிப்பீங்க.

ஒழுங்காப் போட்டும் ஏறலயா? மருந்தை மாத்துறதுக்கு முன்னாடி ரத்தம் எங்க போகுதுன்னு பாருங்க. பீரியட்ஸ் ஏழு நாளைக்கு மேல, கட்டி கட்டியா போகுதுன்னா கர்ப்பப்பைல கட்டி இருக்கான்னு ஸ்கேன். செருப்பில்லாம காட்டு வேலை பாக்குறவங்களுக்குக் கொக்கிப்புழு, அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒரு மாத்திரை. மூலம், மூட்டு வலிக்குன்னு தினம் போடுற வலி மாத்திரையால வர்ற வயித்துப் புண். ஆம்பளைங்களுக்கும் பீரியட்ஸ் நின்ன பொம்பளைங்களுக்கும் இரும்பு குறைஞ்சா அது சும்மா குறையாது, குடல்ல எங்கயோ கசியுதுன்னுதான் முதல்ல நினைக்கணும். எண்டோஸ்கோப்பி பண்ணச் சொன்னா பயந்து டானிக் வாங்கிட்டுப் போயிடாதீங்க, புத்துநோய் சில பேருக்கு இந்த வழிலதான் முதல்ல தெரிய வருது.

பூக்கார அக்காவுக்கு அன்னைக்கு நான் எதுவும் வெட்டிக் குடுக்கல. அந்தச் செகப்பு அட்டையையே ராத்திரி படுக்கும்போது போடச் சொன்னேன், மத்தியானச் சோத்துக்கு அப்புறம் குடிக்கிற டீயை நாலு மணிக்குத் தள்ளச் சொன்னேன். "நீ வியாபாரம் பண்ண லாயக்கில்ல"ன்னுட்டு போனாங்க. போன வாரம் வந்தாங்க, எச்பி 8லருந்து 9.1. ஃபெரிட்டின் இன்னும் 7தான். பீரியட்ஸ் பத்து நாள் போகுதுன்னு அப்பத்தான் வாயைத் திறந்து சொன்னாங்க, பெரியாஸ்பத்திரியில ஸ்கேனுக்கு புதன்கிழமை காலைல வரச் சொல்லியிருக்காங்க. அன்னைக்கு முகூர்த்த நாளாம், யாவாரத்தை விட்டுட்டு எப்படிப் போறதுன்னு கூடையை கவுண்டர் மேல வச்சுட்டு நின்னுட்டிருந்தாங்க. அன்னைக்கு ஒரு நாள் கூடையைப் பாத்துக்க எங்க ஓனர்கிட்ட லீவு கேட்டிருக்கேன்.